கோல் வளைந்தால் கரையேறு

எங்கள் ஊரில் ஹால்வர் தோர்சனைப் பைத்தியம் என்று சொல்பவர்கள் உண்டு. என் காதில் விழுந்தால் சண்டைக்குப் போவேன். என் தங்கை புருஷன் என்பதற்காக மட்டுமல்ல; டெல்மர் செத்த அன்று நானும் ஆற்றங்கரையில்தான் இருந்தேன்.

ஹால்வர் முப்பது வருடம் காட்டில் மரம் வெட்டினான். முதுகு போன பிறகு வெளியூர்க்காரர்களுக்கு ஸ்டீல்ஹெட் மீன் பிடிக்க வழிகாட்டிப் பிழைத்தான். கடலிலிருந்து ஆறேறி வரும் அந்த மீனை, இறகும் நூலும் கட்டிய பொய்ப்பூச்சியால் ஏமாற்றிப் பிடித்து, தண்ணீரை விட்டுத் தூக்காமலே விட்டுவிடுவோம். சால்மன் என்றால் புகை போட்டுத் தின்போம். ஸ்டீல்ஹெட்டைத் தின்றவனோடு ஹால்வர் பேச மாட்டான். ஆற்றில் அவனுக்குச் சட்டம் உண்டு. அடுத்தவன் நிற்கும் இடத்துக்குக் கீழே, நீரோடும் பக்கம் இறங்காதே; நூலை ஒருமுறை வீசியதும் இரண்டடி நகர். அடுத்தவன் தூண்டில்கோல் வளைந்தால், மாட்டிய மீன் ஓட இடம்விட்டு, உன் நூலைச் சுருட்டிக்கொண்டு கரையேறு.

டெல்மர் ப்ரெக்கே அவனுடைய பள்ளிக்கூடத் தோழன். ஒரு நாள் காலையில், ஹால்வர் நூல் வீசிக்கொண்டிருக்கும்போதே அவனுக்குக் கீழே இறங்கி, இருபது ராத்தல் மீனைத் தட்டிக்கொண்டான். அன்றோடு பேச்சு நின்றது. ஆறு வருடம்! டெல்மரின் மனைவி செத்தபோதுகூட ஹால்வர் தேவாலயத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்துவிட்டு, கை கொடுக்காமல் எழுந்து வந்தான்.

அந்த அக்டோபரில் மலையில் இரண்டு நாளாக மழை. ஆறு ஏறிக்கொண்டிருந்தது. நாங்கள் கரடிமடுவுக்குப் போனபோது டெல்மர் ஏற்கெனவே இடுப்பளவு தண்ணீரில் நின்றான்.

"வேற எடம் போவோம் மாப்ளே" என்றேன்.

"அவன் என்ன ஆத்த எழுதியா வாங்கிட்டான்? நான் அவனுக்கு மேல எறங்குறேன். நீ காப்பியப் போடு மச்சான்."

நான் கூழாங்கல் மேட்டில் தீ மூட்டி, பன்றிக்கறியை வாணலியில் போட்டேன். நிமிர்ந்தபோது, டெல்மரின் கோல் வில்லாக வளைந்திருந்தது.

"மாட்டிருச்சு அவனுக்கு!" என்று கத்தினேன்.

ஹால்வரின் முகம் செத்துப்போனது. ஆனாலும் சட்டம் சட்டம்தானே. நூலைச் சுருட்டிக் கரையேறி, டெல்மருக்கு முதுகைக் காட்டி என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஹால்வர்!"

ஆற்று இரைச்சலிலும் தெளிவாகக் கேட்டது. ஆறு வருடத்தில் முதல் தடவை.

"கூப்புடுறான் மாப்ளே."

"எதுக்கு? மீனக் காட்டி வயித்தெரிச்சலக் கெளப்பவா? கேக்காத மாதிரி இரு."

நான் சிரித்தேன். டெல்மரைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தியும் காட்டினேன். இன்றைக்கும் அந்த விரலை வெட்டிப்போடலாம் போலிருக்கிறது.

இன்னொரு முறை கூப்பிட்டான். கறியைத் திருப்பிப் போட்டுவிட்டுப் பார்த்தேன். மடுவில் ஆளில்லை.

அரை மைல் கீழே, ஒதுங்கிக் கிடந்த மரக்கட்டைகளுக்கிடையில் அவனைக் கண்டுபிடித்தோம். மார்பு வரைக்கும் ஏறும் ரப்பர் கால்சட்டை முழுக்கத் தண்ணீர். ஒரு காலில் பூட்ஸ் இல்லை. கோலும் பக்கத்திலேயே சிக்கிக் கிடந்தது. அதைத் தூக்கிப் பார்த்த ஹால்வர் அப்படியே உட்கார்ந்துவிட்டான். நூல் முழுதும் சுருட்டியிருந்தது. பொய்ப்பூச்சியைக் கோலின் வளையத்தில் மாட்டி வைத்திருந்தான் டெல்மர். கரையேறத்தான் பார்த்திருக்கிறான்.

"மீனே இல்ல மச்சான். காலு கல்லுல சிக்கி, கோல ஊனிக்கிட்டு நின்னுருக்கான். அதான் கோலு வளைஞ்சிருக்கு. நான் முதுகக் காட்டிட்டு உக்காந்துருந்தேன்."

வளர்ந்த ஆள் ஒருவன் அப்படி அலறி அழுது நான் கேட்டதில்லை. தண்ணீர் வடிந்ததும் அவனே போய், இரண்டு பாறைக்கு நடுவில் மாட்டியிருந்த பூட்ஸைப் பிடுங்கி எடுத்து வந்தான்.

அதன்பின் ஹால்வர் கோலைத் தொடவில்லை. ஆனால் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் கரடிமடுவில் போய் நிற்கிறான். யாருடைய கோல் வளைந்தாலும் ஆற்றில் இறங்கிவிடுகிறான். எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்த சட்டத்தைத் தானே மீறுகிறான்! வெளியூர்க்காரர்கள் வாய்க்கு வந்தபடி திட்டுகிறார்கள்.

போன வாரமும் ஒரு தாடிக்காரன் கத்தினான்: "யோவ் பெருசு, வெளிய போய்யா! என் மீனு போயிரும்!"

ஹால்வர் நிற்கவில்லை. நெஞ்சளவு தண்ணீரில் அவன் பக்கத்தில் போய் நின்றான்.

"மீனு போனாப் போவுது தம்பி. காலு ரெண்டையும் அசைச்சுக் காட்டு."

முணுமுணுத்துக்கொண்டே தாடிக்காரன் ஒரு காலை அசைத்தான். பிறகு மற்றதையும். அதைப் பார்த்த பிறகுதான் ஹால்வர் கரைக்குத் திரும்பினான்.