நாலு மணி நேரம்

விருத்தாசலம் பஸ் நிலையத்தில், பீங்கான் பொம்மைக் கடையை ஒட்டிய டீக்கடையில் நிற்கிறேன். பக்கத்தில் துபாயிலிருந்து வந்திறங்கிய மங்கலம்பேட்டைக்காரர். பெட்டியில் விமான நிலையத்துச் சீட்டு இன்னும் ஒட்டியிருக்கிறது.

“துபாய் என்ன தூரம், சென்னைக்கு நாலு மணி நேரம்தானே? நெனச்சா வந்துடலாம்” என்கிறேன், பேச்சுக்கு.

“நாலு மணி நேரம்தாங்க. மொதலாளிகிட்டேருந்து பாஸ்போர்ட்ட வாங்கத்தான் மூணு நாளு ஆயிடுச்சு. அத்தா மவுத்தான அன்னிக்கே அடக்கம் பண்ணிட்டாங்க.”

அப்பாவை இழந்து வந்தவரிடம் எதற்கு வாயைத் திறந்தேன் என்றிருக்கிறது. கையில் டீ ஆறுகிறது.

மங்கலம்பேட்டை பஸ் வந்து நிற்கிறது. அரை மணி நேர வழி. கண்டக்டர் அவரைப் பார்த்துக் குரல் கொடுக்கிறார்.

“அடுத்ததுல வரேங்க” என்கிறார் அவர்.

நான் வந்ததிலிருந்து அவர் ஏறாமல் விடுகிற இரண்டாவது பஸ் இது.