சுவரில் இருந்த அஞ்சலை

ஓய்வுபெற்ற பிறகு எனக்கு ஓவியம் சேர்க்கும் ஆசை வந்தது. நெய்வேலித் தெருச் சுவர்களில் படம் வரையும் சதீஷ், அதே படங்களைத் கண்ணாடிபோலத் தெளிந்த அக்ரிலிக் தகடுகளில் பகுதி பகுதியாக வரைந்து, ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிச் சட்டமிட்டு, பத்தே பிரதிகள் விற்பான். நான் விடாமல் வாங்கினேன்.

அவற்றில் சிறந்தது அஞ்சலையின் படம். முன்தகட்டில் நெற்கதிர், நடுவில் வரப்பு, கடைசியில் அவள் முகம். பக்கத்துக் கிராமமான வளையமாதேவியில் இருந்த அவள் நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்விட்டது. மார்க்கெட்டில் சதீஷ் அதே படத்தை வரைந்திருந்த கடைச் சுவரடியில்தான் அவள் கீரை விற்றாள்.

ஊரே சும்மா பார்க்கும் படத்தை வைத்திருப்பதில் எனக்கென்ன பெருமை என்று தோன்றியது. "சுரங்கத்தோட எதுக்கு வம்பு? வெள்ளையடிச்சிடுங்க" என்று கடைக்காரரிடம் சொன்னேன். பெரியவர் சொல்கிறாரே என்று அவரும் அடித்துவிட்டார்.

மறுவாரம் சதீஷும் அஞ்சலையும் என் வீட்டுக்கு வந்தார்கள். "போஸ்டர் ஒட்டிகினு வர்றவன்கூட என் மூஞ்சிய வுட்டுட்டுத்தான் சார் ஒட்டுவான். எந்தப் பாவி அழிக்கச் சொன்னானோ, கடைக்காரரு பேர சொல்ல மாட்டேங்குறாரு!" என்று சிரித்தாள் அஞ்சலை.

"மத்த ஒம்பது பிரதியும் வெளியூர் போயிடுச்சு சார். செல்போன் போட்டோவுல அந்த ஆழம் தெரியல. உங்களுத ஒரு நாள் குடுங்க, பாத்து வேற சுவத்துல வரைஞ்சிடுறேன்" என்றான் சதீஷ்.

"பையன் சென்னைக்கு எடுத்துட்டுப் போயிட்டான்பா" என்றேன். படம் உள்ளறையில் இருந்தது.

"பத்தரமா வெச்சுக்கச் சொல்லுங்க சார். என் நெலம் இனி அதுலதான் இருக்குது" என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள்.

அன்றே அதைப் பீரோவுக்குப் பின்னால் மறைத்தேன். கொண்டுபோய்க் கொடுக்கப் பலமுறை செருப்பு மாட்டியிருக்கிறேன். கொடுத்தால், வெள்ளையடிக்கச் சொன்னதையும் சொல்ல வேண்டும். உங்களிடம் சொல்லிவிட்டேன், அவளிடம் சொல்ல இன்னும் நா எழவில்லை.