தண்ணீர் ஓடிய திசை

சிவில் இன்ஜினியரிங் படித்தவள் என்பதால், எங்கள் ஊர்ப் பழைய மாதா கோயிலுக்கு வரைபடம் போடும் வேலையைப் பங்குச்சாமியார் என்னிடம் கொடுத்தார். சுவரின் கனம், வளைவுகளின் உயரம், சுண்ணாம்புப் பூச்சு என்று மூன்று நாள் குறித்தும், முதலில் கட்டிய பகுதி எதுவென்று பிடிபடவில்லை. திருவிழாவுக்காகத் தரையைக் கழுவிக்கொண்டிருந்த சித்தி மகள் சிரித்தாள்.

“இம்புட்டுப் படிச்சும் தெரியலையாக்கா? இந்த எடத்துல ஊத்துற தண்ணி மட்டும் பெரிய வாசலுக்குப் போகாது, தெக்க ஓடும். முந்தி வாசல் அங்கிட்டுத்தான் இருந்திருக்கும். அப்ப இந்த எடந்தான மொதல்ல கட்டுனது?”

தெற்குச் சுவரைத் தட்டிப் பார்த்தேன். ஒரு வாசல் அகலத்துக்குச் சத்தம் மாறியது. அவள் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவள். எனக்கு வயிறு எரிந்தது.

“எப்படிம்மா கண்டுபிடிச்ச?” என்று, அடைபட்ட வாசலை நான் காட்டியதும் சாமி வியந்தார்.

“தரைமட்டம் எடுத்துப் பாத்தேன் சாமி” என்றேன்.

அவள் வாளியோடு பக்கத்திலேயே நின்றிருந்தாள்.