கரும்பு லோடும் கஸ்டமர் கேர் செல்வியும்

வடக்கனந்தல் மேற்குத் தெருவில் பச்சைக் கேட் போட்ட வீட்டில் செந்தமிழ்ச்செல்வி என்று ஒருத்தியும் ஸ்வேதா என்று ஒருத்தியும் குடியிருந்தார்கள். இருவருக்கும் புருஷன் ஒருவன்தான். ஆனாலும் சண்டை வந்ததில்லை. இரண்டு பேரும் ஒரே ஆள்.

செந்தமிழ்ச்செல்வி பிறந்தது ரிஷிவந்தியம் பக்கம். பள்ளிக்கூடத்தில் காலை வழிபாடு முடிந்ததும் மைக்கில் செய்தி வாசிக்கிற பிள்ளை அவள்தான். ல, ள, ழ மூன்றையும் அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி தனித்தனியாகப் பொறுக்கி வைப்பாள். வாசித்துவிட்டு வரிசைக்குத் திரும்பிய மறுநிமிஷமே, "இன்னாடி, கடைசி வரிசைக்கும் கேட்டுதா?" என்று பக்கத்தில் நிற்பவளிடம் விசாரிப்பாள். மைக்குக்கு ஒரு நாக்கு, மனுஷருக்கு ஒரு நாக்கு. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டதே இல்லை.

கள்ளக்குறிச்சியில் பி.காம் முடித்து, வடக்கனந்தல் தமிழரசனைக் கட்டிக்கொண்டு வந்தாள். தமிழரசனுக்குக் கரும்பு நிலம் இருந்தது, டிராக்டர் இருந்தது, எது நடந்தாலும் அதற்கு வேறு யாரையாவது காரணம் சொல்கிற திறமையும் இருந்தது. குழம்பு தீய்ந்தால் அடுப்பு, டயர் பஞ்சரானால் ரோடு, மழை வராவிட்டால் கல்வராயன் மலை.

கொரோனாவுக்குப் பிறகு மின்னல்வலை என்ற பிராட்பேண்ட் கம்பெனி, வீட்டிலிருந்தபடியே வாடிக்கையாளர் குறை கேட்க ஆட்கள் எடுத்தது. செல்வியின் குரலைக் கேட்ட உடனே எடுத்துக்கொண்டார்கள். பெயரைக் கேட்டதும்தான் மேலதிகாரி பாரதி கொஞ்சம் யோசித்தாள்.

"செந்தமிழ்ச்செல்வி பேசுகிறேன்னு நீங்க சொல்லி முடிக்கிறதுக்குள்ள கஸ்டமர் வேற கம்பெனிக்கு மாறிடுவார் மேடம். ஸ்வேதான்னு வெச்சுக்குங்க."

அப்படித்தான் ஸ்வேதா பிறந்தாள். கம்பெனி இரண்டு விதிகள் சொன்னது. உண்மையான பெயரையும் ஊரையும் வாடிக்கையாளரிடம் சொல்லக்கூடாது. எழுதிக் கொடுத்த வசனத்தை விட்டு விலகக்கூடாது. கூடவே வீட்டுக்கு இலவச இணைப்பும் கொடுத்தது. வேர்க்கடலை மூட்டை அடுக்கியிருந்த அறையை அவள் ஆபீஸாக்கிக்கொண்டாள். மூட்டைகள் வெளிச்சத்தத்தைக் குடித்துவிடும். சேவல் சத்தத்தை மட்டும் எந்த மூட்டையாலும் குடிக்க முடியவில்லை. "எம்மா, ஆபீசுக்குள்ள கோழி கூவுதா?" என்று ஒரு தடவை ஒரு பெரியவர் கேட்டுவிட்டார். "பின்னணி ஒலிக்கு வருந்துகிறோம் ஐயா" என்றாள் ஸ்வேதா.

அவள் வீட்டில் நெட் ஓடுகிற வேகத்தைப் பார்த்துத் தெருவே மின்னல்வலைக்கு மாறியது. தெருவே வாடிக்கையாளர் ஆகிவிட்டதால், விதிப்படி தன் வேலை இன்னதென்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. முதலில் மாறியவள் பக்கத்து வீட்டு அமிர்தம். தமிழரசனுக்கு அத்தை முறை. மகள் சிங்கப்பூரில் இருந்தாள். மகளிடம் தினமும் வீடியோவில் பேசி, அவள் வைத்த சாம்பாரின் நிறத்தைப் பார்த்துக் குறை சொன்னால்தான் அமிர்தத்துக்குச் சோறு இறங்கும்.

எல்லாம் கரும்பு வெட்டு தொடங்குகிற வரைக்கும்தான். தெருமுனைக் கம்பத்திலிருந்து ஃபைபர் ஒயர் ரோட்டைக் குறுக்கே தாண்டி அமிர்தம் வீட்டு மாடிக்கு வந்து, அங்கிருந்து மற்ற வீடுகளுக்குப் பிரிகிறது. நடுவில் அது கொடிக்கயிறு மாதிரி தொய்ந்து தொங்கும். ஒரு நாள் சாயந்திரம் திடீரென்று நெட் நின்றது. செல்வி வெளியே வந்து பார்த்தாள். ஒயர் அறுந்து ரோட்டில் சுருண்டு கிடந்தது.

"கொரங்குதான்" என்றான் தமிழரசன், அப்போதுதான் டிராக்டரை விட்டு இறங்கியவன். "மலையிலேர்ந்து எறங்கி வந்து அறுத்துட்டுப் போயிருக்கும்."

"கொரங்கு எங்க வந்துது? நான் பாக்கலியே."

"நீ வூட்டுக்குள்ள குந்திக்கினு இருந்தா எப்பிடிப் பாப்ப?"

ஊழியராக இருந்தாலும் புகார் கொடுப்பதென்றால் எல்லோரையும் போல போன் போட்டுத்தான் கொடுக்க வேண்டும். செல்வி போன் போட்டாள். "வணக்கம், மின்னல்வலை. நான் ஸ்ரீநிதி பேசுகிறேன்" என்றது மறுமுனை. நைனார்பாளையம் இலக்கியாதான் அது. பயிற்சியில் கூடவே இருந்த பெண்.

"இலக்கியா, நான் செல்வி. ஒயரு அறுந்து ரோட்ல கெடக்குது. ஆள அனுப்பச் சொல்லு."

"ரூட்டரை அணைத்து மீண்டும் இயக்கினீர்களா அம்மா?"

"ஒயரே இல்லன்றேன், ரூட்டர அணச்சி இன்னா ஆவப்போவுது?"

இலக்கியா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அக்கா, ரெக்கார்டு ஆவுது. நீங்க அணச்சிட்டேன்னு சொன்னாத்தான் எனக்கு அடுத்த பக்கம் தெறக்கும்."

"அணச்சிட்டேன்."

"நன்றி அம்மா. ரூட்டரில் எத்தனை விளக்குகள் எரிகின்றன?"

தினம் பொழுதுக்கும் இதே கேள்வியைத் தானும் ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறோமே என்று செல்விக்கு முதல் முறையாக உறைத்தது. கேட்கிற இடத்தில் இருக்கும்போது இது இவ்வளவு கோபம் வருகிற கேள்வி என்று தெரியவில்லை.

மறுநாள் வேலைக்கு உட்கார நெட் வேண்டும். நெட் ஓடுகிற அளவுக்கு செல்போன் டவர் அவர்கள் வீட்டில் ஒரே ஒரு இடத்தில்தான் எடுக்கும். மாடியில், தண்ணீர் டேங்குக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவில். அங்கே லேப்டாப்பை ஒரு அண்டாவைக் கவிழ்த்து அதன்மேல் வைத்துக்கொண்டு, குடையை டேங்க் குழாயில் செருகிக்கொண்டு, தலையில் ஹெட்செட்டோடு செல்வி உட்கார்ந்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஸ்வேதாவின் குரலில் மட்டும் வியர்வை இல்லை.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு அழைப்பு வந்தது.

"வணக்கம், மின்னல்வலை. நான் ஸ்வேதா பேசுகிறேன். தங்களுக்கு எவ்வாறு உதவலாம்?"

"ஏம்மா, வடக்கனந்தல்லேர்ந்து அமிர்தம் பேசறேன். நேத்திலேர்ந்து நெட்டு இல்ல. எம்பொண்ணு மொகத்தப் பாத்தே ஒரு நாளாவுது. அவ இன்னா தின்னா, இன்னா பண்ணானு ஒண்ணும் தெரியல."

பக்கத்து வீட்டு அத்தையேதான். விதி விதிதான். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம் அம்மா" என்றாள்.

"வருந்தறது இருக்கட்டும். இதுக்கெல்லாம் யாரு காரணம்னு எனக்குத் தெரியும். பக்கத்து வூட்ல செல்வினு ஒருத்தி கீறா. நாள் பூரா கதவ சாத்திக்கினு கம்பியூட்டர் முன்னால குந்திக்கினு யார்கிட்டயோ பேசிக்கினே இருக்கறா. இந்தத் தெருவு நெட்டையெல்லாம் அவதான் உறிஞ்சறா."

"அப்படி உறிஞ்ச இயலாது அம்மா. ஒவ்வொரு வீட்டிற்கும் தனித்தனி வேகம்..."

"உனுக்குத் தெரியாது பாப்பா. தண்ணிக் கொழாயில திருட்டு மோட்டார் போடறாங்க பாரு, அந்த மாதிரி நெட்டுக்கும் ஒரு மோட்டார் போட்டு வச்சிருக்கறா. ராவுல ஊம்னு ஒரு சத்தம் வருது."

அது தமிழரசனின் குறட்டை. சொல்ல முடியுமா? "மோட்டார் குறித்த தங்கள் புகாரைப் பதிவு செய்துகொள்கிறேன்" என்றாள் ஸ்வேதா.

"பண்ணிக்கோ. நீ இன்னா, சென்னையில ஏசி ரூம்ல ஜில்லுனு குந்திக்கினு கீற. இங்க வந்து பாத்தாத்தான் தெரியும்." பேசிக்கொண்டே அமிர்தம் படியேறுகிற சத்தம் கேட்டது. போனிலும் கேட்டது, போனுக்கு வெளியிலும் கேட்டது. "இரு, மாடிக்குப் போயி ஒயரு எங்கேர்ந்து அறுந்து கீதுனு பாத்து சொல்றேன்."

இரண்டு மாடிகளுக்கும் நடுவில் ஒரு ஆள் தாண்டுகிற இடைவெளிதான். செல்வி குடையைப் பிடுங்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு டேங்க் ஓரமாகச் சரிந்து படுத்தாள். "தேவையில்லை அம்மா, தாங்கள் சிரமப்பட வேண்டாம்" என்று கிசுகிசுத்தாள்.

அமிர்தம் நின்றுவிட்டாள். போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். மறுபடி வைத்தாள்.

"பாப்பா, உங்கொரலு ரெண்டு காதுலயும் கேக்குதே?"

"அது... ஸ்டீரியோ அம்மா. நிறுவனத்தின் புதிய வசதி."

"அடேங்கப்பா! பக்கத்துல நின்னு பேசற மாதிரியே கீது" என்று அமிர்தம் உண்மையாகவே மகிழ்ந்துபோனாள். அந்த மகிழ்ச்சியில் மனம் இளகி, "செரி பாப்பா, அந்தப் பொண்ணு மேல புகார் வோணாம், உட்ரு. பாவம், நல்ல பொண்ணுதான். புருஷன் செரியில்ல" என்றாள்.

குடைக்குள் ஸ்வேதா ஹெட்செட்டைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"நம்ம பையனாச்சேனு சொல்லாம இருந்தேன், நேத்து சாயந்திரம் ஒயர அறுத்ததே அவன்தான். கரும்ப கோபுரம் மாதிரி ஏத்திக்கினு வந்தான். ஒயரு லோடுல மாட்டி இழுத்துக்கினே போச்சி. எறங்கினான், ஒயர எடுத்து ஓரமா போட்டான், அப்பிடியும் இப்பிடியும் பாத்துட்டு வூட்டுக்குள்ள பூந்துக்கினான். எங்கண்ணால பாத்தேன்."

"இன்னாது?" என்று குடைக்குள்ளிருந்து ஒரு அலறல் வந்தது. "அவரா? கொரங்குன்னு சொன்னாரே! வரட்டும் இன்னிக்கு வூட்டுக்கு!"

குடை உருண்டு ஓடியது. தலையில் ஹெட்செட்டோடு, ஒரு கன்னத்தில் டேங்க் பாசியோடு செல்வி எழுந்து நின்றாள். எதிர் மாடியில் அமிர்தம் போனைக் காதில் வைத்தபடியே வாயைப் பிளந்து நின்றாள்.

"செல்வி?" என்று அமிர்தம் போனுக்குள்ளேயே கேட்டாள்.

"ஆமாங்க அத்த" என்று செல்வியும் ஹெட்செட்டிலேயே பதில் சொன்னாள்.

"நீதான் கம்பெனியா?"

"கம்பெனி இல்லீங்க அத்த. கம்பெனியில வேல பாக்கறேன்."

கோபப்படலாமா, வெட்கப்படலாமா என்று அமிர்தத்தின் முகம் இரண்டு பக்கமும் போய் வந்தது. கடைசியில், "அப்ப நீயே எறங்கிப் போயி ஒயர கட்டேன்" என்றாள்.

செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அமிர்தத்துக்கும் வந்தது. அந்த அழைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை, சிரிப்பு முழுவதும் பதிவாகிக்கொண்டிருக்கிறது என்பது பிறகுதான் இருவருக்கும் ஞாபகம் வந்தது.

தமிழரசன் சாப்பாட்டுக்கு வந்தான். தட்டு வைத்தாள், சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். பிறகு எதிரில் நின்று ஸ்வேதாவின் குரலில் ஆரம்பித்தாள். "வணக்கம் ஐயா. நேற்று மாலை தங்கள் டிராக்டர் மேற்குத் தெரு வழியாகச் சென்றபோது ஏதேனும் இடையூறு நேர்ந்ததா?"

தமிழரசனுக்குக் கையில் பிசைந்த சோறு நின்றது. செல்வி கத்தினால் அவனுக்குப் பழக்கம். எதிர்த்துக் கத்திவிடுவான். இந்த மரியாதையை எதிர்த்துக் கத்த முடியுமா?

"நான் வேணும்னு பண்ணலடி. ஆலையிலேர்ந்து வெட்டு உத்தரவு வந்துட்டுது, இன்னொரு ட்ரெய்லர் கெடைக்கல. இருக்கறத ஒரே லோடா ஏத்திக்கினேன். நான் பாத்துதான் வந்தேன், ஒயருதான் பாக்காம தொங்குச்சி."

"தங்கள் விளக்கம் பதிவு செய்யப்பட்டது ஐயா."

"அந்தக் கொரல்ல பேசாத செல்வி, பயமா இருக்குது" என்றான் அவன். "இன்னா பண்ணணும் சொல்லு, பண்ணிடறேன்."

ஒயரைக் கட்ட வேண்டியவன் உள்ளூர் ஏஜென்சி அய்யப்பன். அவனுக்கு எப்போது போன் போட்டாலும் ஒரே பதில்தான். செல்வி போட்டபோதும் அதையே சொன்னான். "வெள்ளிமலைக்கு மேல இருக்கறேங்க. இங்க டவரே இல்லீங்க." டவர் இல்லாத இடத்திலிருந்து அவன் குரல் கண்ணாடி மாதிரி தெளிவாக வந்தது. பின்னால் யாரோ இரண்டு டீ, ஒன்று சர்க்கரை கம்மி என்று சொன்னதும் கேட்டது.

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அமிர்தம் புடவையைச் செருகிக்கொண்டாள். அவளும் செல்வியும் பஸ் ஸ்டாப் டீக்கடைக்கு நடந்தார்கள். அங்கே பெஞ்சில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, அய்யப்பன் வேறு யாருக்கோ போனில், "மலை மேல ஒரே பனிங்க, ஒண்ணும் கண்ணு தெரியல" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அமிர்தம் அவன் தோளைத் தட்டினாள்.

"பனி வெலகிட்டுது, ஏந்திரு."

தெருவுக்கு வந்ததும், ஒயரை உயர்த்திக் கட்டத் தன்னிடம் அவ்வளவு பெரிய ஏணி இல்லை என்று அய்யப்பன் கடைசியாக ஒரு சாக்குச் சொல்லிப் பார்த்தான். அந்த நேரம் பார்த்துத் தமிழரசன் அடுத்த லோடோடு தெருவுக்குள் வந்தான். முன்னைப் போலவே கோபுரம்தான். செல்வி அண்ணாந்து பார்த்தாள். பிறகு அய்யப்பனைப் பார்த்தாள்.

"மேல ஏறுங்கண்ணா."

லோடு கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு அய்யப்பன் கரும்பின் உச்சிக்கு ஏறினான். சோகை இலை கழுத்தில் அறுக்க, நெளிந்துகொண்டே ஒயரை ஒட்டி, அமிர்தம் வீட்டு மாடி ஓரமாக நட்ட இரும்புக் குழாயின் தலையில் இழுத்துக் கட்டினான். கீழே தமிழரசன் டிராக்டரை இம்மி இம்மியாக முன்னும் பின்னும் நகர்த்திக்கொடுத்தான். நகர்த்துகிற ஒவ்வொரு முறையும் மேலே இருந்து அய்யப்பன் எல்லாச் சாமியையும் கூப்பிட்டான். தெரு ஜனம் முழுக்க வந்து நின்று வழி சொன்னது. கட்டி முடித்ததும் லோடு ஒயருக்கு அடியில் ஒரு இழையும் உரசாமல் போனது. சர்க்கரை ஆலை வரைக்கும் போய்த்தான் அய்யப்பன் இறங்கினான். அவனை இறக்குவதற்கு யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

சாயந்திரம் சிங்கப்பூர் மகள் அமிர்தத்தின் போனில் தெரிந்தாள். "இன்னாடி இளைச்சிட்ட!" என்று அமிர்தம் போட்ட சத்தம் நெட் இல்லாமலே சிங்கப்பூருக்குக் கேட்டிருக்கும்.

மேலதிகாரி பாரதி அந்த அழைப்பின் பதிவை முழுதாகக் கேட்டுவிட்டுக் கூப்பிட்டாள். வேலை போய்விட்டது என்றே செல்வி நினைத்தாள். ஆனால் அமிர்தம் அந்த அழைப்புக்கு ஐந்து நட்சத்திரமும் போட்டு, "பொண்ணு பேசறப்ப மனசுக்கு நல்லா இருந்துது" என்று சொல்லியும் வைத்திருந்தாள். பாரதி நெடுநேரம் சிரித்தாள். "வசனத்துல இல்லாததெல்லாம் பேசியிருக்கீங்க. தப்புதான். ஆனா அந்தப் பக்கத்து ஆளுங்க உங்ககிட்டதான் கடைசி வரைக்கும் சண்டை போடாம பேசறாங்க. கள்ளக்குறிச்சி கால் எல்லாம் இனி உங்களுக்கே திருப்பி விடறேன். உங்க ஊர்ப் பேச்சுலயே பேசுங்க."

முதல் அழைப்பு ரிஷிவந்தியத்திலிருந்து வந்தது. நெட் வரவில்லையாம். செல்வி ரூட்டர் பக்கமே போகவில்லை.

"அண்ணா, மொதல்ல வெளிய போயி ஒயரு மேல இருக்குதானு எட்டிப் பாருங்க."

செருப்புச் சத்தம் போய், திரும்பி வந்தது. "கீழ கெடக்குதுங்க. ஒரு ஆடு மென்னுக்கினு கீது."

"வெரட்டுங்க, வெரட்டுங்க!"

"வெரட்டினா மொறைக்குதுங்க."

திரையில் கோளாறுக்குக் காரணம் என்ற இடத்தில் கம்பெனி சில காரணங்களைத் தயாராக வைத்திருந்தது. அதில் ஆடு இல்லை. செல்வி கொஞ்சம் யோசித்து, "இயற்கைச் சீற்றம்" என்பதை அழுத்திவிட்டு, ஆட்டின் உரிமையாளர் யார் என்று விசாரிக்கத் தொடங்கினாள்.