சாயத்துக்குச் சூடு

"வூட்டுல மொத ஆளாப் படிச்சவ துணியில கிறுக்கிக்கிட்டிருக்கியே, மழைக்குத் தாங்குமாடி?" என்று கேட்டிருந்தார் அத்தை.

ஜெயங்கொண்டம் பஸ் நிலையத்தில் தூறுகிறது. முந்திரிப்பழங்கள் வரைந்த துண்டுத்துணிகளை இணைத்து நான் தைத்த போர்வையை நாளை கும்பகோணத்தில் காட்டினால்தான் கைத்தொழில் பள்ளியில் இடம் கிடைக்கும். அதன் சாயத்துக்கு நான் இன்னும் சூடு காட்டவில்லை; அப்படியே நனைந்தால் கரைந்துவிடும். கும்பகோணம் பஸ் உறுமிக்கொண்டு நிற்கிறது. எதிரே இஸ்திரிக் கடைக்கு ஓடுகிறேன்.

"சாயம் பெட்டியில ஒட்டுனா அடுத்தவரு வேட்டியில முந்திரி காய்க்கும்மா" என்கிறார் கடைக்காரர்.

"மேல ஒரு துணி போட்டுத் தேய்ங்கண்ணே, சாயம் அதுலதான் ஒட்டும், பெட்டியில ஒட்டாது."

"துணிக்கு எங்க போறது? இதெல்லாம் ஊரார் துணி."

கண்டக்டர் விசில் ஊதுகிறார். நாளை உடுத்த வைத்திருந்த புதுச் சேலையைப் பையிலிருந்து எடுத்துப் போர்வைமேல் விரித்துவிட்டேன்.