சின்னையன் வைத்த ரப்பர்

கருங்குழியிலிருந்து நெம்மேலிக்குக் கூலியாட்களை ஏற்றிப்போகும் பழைய கார்களில் பாதி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அது சின்னையனின் கைவேலை. ஐந்து பேர் வண்டியில் பத்துப் பேர் ஏறினால் பின்பக்கம் தரையைத் தொட்டுவிடும். அதற்காக அவர் லாரி டயரை வளையமாக வெட்டி, பின்சக்கர ஸ்பிரிங்கின் சுற்றுகளுக்கு நடுவே செருகிவிடுவார். வண்டி நிமிர்ந்துவிடும். அந்த லைனில் கார் வாங்கும் எவனும் முதலில் அவரிடம்தான் வருவான்.

அவருடைய அப்பா மதுராந்தகம் ஏரிப் பாசனத்தில் அடுத்தவர் வயலில் நாற்றுச் சுமந்து செத்தவர். சின்னையன் படிப்பை விட்டு லாரி கழுவப் போனார், கிளீனரானார், டிரைவரானார். தலை நரைக்கிற வயதில், பல கை மாறிய டீசல் கார் ஒன்று அவருக்குச் சொந்தமானது. அதையும் ரப்பர் வைத்துத்தான் ஓட்டினார்.

அவர் மனைவி சந்திரம்மாவுக்கு முதுகெலும்பில் புற்று. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்வந்து கதிர்வீச்சு, ஊர்ப் பேச்சில் கரண்ட், வைத்துக்கொண்டிருந்தார். முழுதாக வைத்து முடித்தால் எழுந்து உட்காரவாவது முடியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் பக்கத்து வீடு. பல வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அப்போதுதான் வந்திருந்தேன். வேலை எதுவும் இல்லாததால், பின்சீட்டில் சந்திரம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொள்வது என் வேலையானது. ஒவ்வொரு வேகத்தடையிலும் என் துப்பட்டாவைக் கடித்துக்கொள்வார்.

ஒருநாள் திரும்பி வந்ததும் சொல்லிவிட்டார்: "யோவ், இனிமே நான் வரல. ரோட்டுல சாவறதுக்கு வூட்லயே செத்துட்றேன்."

"பின்னாடி ஷாக் அப்சார்பர் போய்க்கீது சந்திரா. அதான் தூக்கித் தூக்கிப் போடுது. மாத்திட்றேன்."

"மாத்து. ஒரே ஒரு வாட்டி வரேன். வலிச்சுதுன்னா அதோட சரி. அப்புறம் கூப்புடக் கூடாது. என் தலையில அடிச்சுச் சொல்லு."

சின்னையன் அவர் உச்சந்தலையில் கைவைத்துச் சொன்னார்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் ஜோஷ்வா, சின்னையனின் அக்கா மகன். ஜாக்கி போட்டுப் பின்சக்கரங்களைக் கழற்றினான். டிக்கி விரிப்புக்கு அடியில் இருந்த நட்டுகள் கடற்கரை உப்பில் துருவேறி அசையவில்லை; பிளேடு போட்டு அறுத்தான். வெளியே வந்த ஷாக்கை அமுக்கினான். உள்ளே போனது, திரும்பவில்லை. எண்ணெய் வழிந்திருந்தது.

"மாமா, இது செத்து எவ்ளோ நாளாச்சோ!"

புதிய இரண்டையும் மாட்டியபின் ஸ்பிரிங்குக்குள் டார்ச் அடித்தான்.

"இந்த ரப்பரை எடுத்துட்லாமா மாமா?"

"ஏன்டா?"

"பத்துப் பேரு ஏறுனா இது சரி. அத்தை மட்டும் படுத்துகினு போற வண்டிக்கு இது கல்லு மாதிரி. ஸ்பிரிங்கை அசையவே வுடாது."

"ரப்பர் எங்கனா கல்லாவுமாடா? மெத்துனு தாங்கும். இந்த லைனே என் ரப்பர்ல ஓடிகினு கீது. நீ பொறக்கசொல்லோ நான் ஸ்பானர் புடிச்சவன்."

"சரி, தாய்மாமன் சொல்லிட்ட. வண்டியும் உன்து, அத்தையும் உன்து."

இருவரும் சிரித்தார்கள். வண்டி இறங்கியதும் சின்னையன் பின்பக்கத்தைக் கையால் அழுத்திவிட்டுப் பார்த்தார். எழும்பி, ஆடாமல் நின்றது. "பாத்தியா?" என்றார்.

மறுநாள் காலை பெரிய ரோட்டில் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. "பரவால்லயே" என்றார் சந்திரம்மா. சின்னையன் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

படாளம் தாண்டி சர்வீஸ் ரோட்டில் ஒரு வேகத்தடை. மெதுவாகத்தான் ஏற்றினார். முன்பெல்லாம் பின்பக்கம் துள்ளித் துள்ளி அடங்கும். இந்த முறை துள்ளவில்லை. கட்டையால் அடித்த மாதிரி ஒரே அடி, சீட்டு வழியாக நேராக முதுகில். சந்திரம்மாவின் குரல் மனிதக் குரலாக இல்லை.

சின்னையன் எஞ்சினை நிறுத்தினார். ஜாக்கியை எடுத்தார். சந்திரம்மாவைக் கீழே இறக்க முடியாது, தூக்கினாலே கத்துவார். அதனால் எங்களோடு சேர்த்தே வண்டியை ஜாக்கியில் தூக்கினார். ஒவ்வொரு திருகுக்கும் சந்திரம்மாவின் நகம் என் கையில் பதிந்தது. கடப்பாரை போட்டு இரண்டு பக்கத்து வளையங்களையும் நெம்பி, முள்ளுப் புதரில் எறிந்தார்.

"எடுத்துட்டேன் சந்திரா. தப்பு என்துதான். இப்ப பாரு."

"திருப்பு."

"இன்னும் கொஞ்ச தூரம்தான்."

"என் தலையில கைவெச்சு இன்னா சொன்ன?"

சின்னையன் என்னைப் பார்த்தார். "அக்கா, இன்னொரு தடவை பாக்கலாமே" என்றேன்.

"நீ சும்மா இரு பாப்பா. ஊரு சுத்தறதுக்கு உனக்கு முதுவு கீது. எனக்கு இன்னா கீது?"

திருப்பினார். கருங்குழிக்குள் நுழையும் இடத்தில் இன்னொரு வேகத்தடை. சின்னையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏற்றினார். பின்பக்கம் மெல்ல அமிழ்ந்து, மெல்ல எழுந்தது. சந்திரம்மா கண் திறந்தார்.

"இப்ப தூளியாட்டம் கீதுய்யா."

சின்னையன் வண்டியை அப்படியே நிறுத்தினார். "அப்போ போலாமா?"

"வூட்டுக்குப் போ."

அதன்பிறகு சின்னையன் அவரைக் கூப்பிடவில்லை. நானும் ஜோஷ்வாவும் சந்திரம்மாவிடம் கெஞ்சினோம். நாங்கள் கெஞ்சும்போதெல்லாம் சின்னையன் வாசலுக்கு வெளியே போய் நின்றுகொண்டார். சத்தியத்தை மீறினால் அது சந்திரம்மாவின் தலையைத்தான் அடிக்கும் என்று பயந்தார். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் சந்திரம்மா போய்விட்டார். கடைசி வரை படுக்கையிலிருந்து எழவில்லை.

காரியம் முடிந்ததும் சின்னையன் லைனுக்குத் திரும்பினார். ரப்பர் வைக்கவில்லை. மாமல்லபுரம் போக ஒருநாள் நானும் அவர் வண்டியில் ஏறினேன். பத்துப் பேர் பாரத்தில் பின்பக்கம் ரோட்டோடு படிந்திருந்தது.

பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்: "அண்ணாத்த, ஊருக்கெல்லாம் ரப்பர் போட்ட, உன் வண்டிக்கு இன்னா பேஜாரு? அடி தேயுது பாரு!"

"கஷ்டமா இருந்தா எறங்கிக்க."

திருக்கழுக்குன்றத்துக்கு முன்னால் வேகத்தடை வந்தது. சின்னையன் வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கினார். அடித்தகடு தாரில் நீளமாக உரசியது. யாரும் இறங்கவில்லை.