எறா வாடை அடித்த புத்தகங்கள்

1

அன்று அறையில் இருந்தவர்கள்: பள்ளிக்கூடங்களின் டெபுடி இன்ஸ்பெக்டர் ஐயா. அவர் பெட்டியைத் தூக்கி வந்த பியூன். எங்கள் ஹெட்மாஸ்டர் எத்திராஜுலு. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேர். அதில் முன்வரிசையில் முனியம்மா. கடைசியாக நான், ஒரு வருடமாகத் தற்காலிக வாத்தியார்.

இடம், பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு தொடக்கப் பள்ளி. காலம், ஐம்பதுகளின் நடுவில். இன்ஸ்பெக்டர் நல்லபடி எழுதினால் எனக்கு வேலை நிரந்தரம். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மேசைமேல் நாற்பது கதைப் புத்தகங்கள். இன்ஸ்பெக்டர் ஒன்றைத் திறந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இன்னாய்யா இது? புஸ்தகமா, கருவாட்டுக் கூடையா?"

ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்தார்.

2

நான் எட்டாவது படித்து, லோயர் கிரேடு டிரெயினிங் முடித்தவன். வேலைக்கு வந்த மூன்றாம் மாதம் திருவள்ளூரில் பத்து நாள் வகுப்புக்கு அனுப்பினார்கள். குழந்தைகளுக்கான கதைகளை வாத்தியார் எப்படிப் படிப்பது, வகுப்பில் எப்படிப் பயன்படுத்துவது என்பது பாடம். அங்கே சொன்னது மூன்று. முதலில் நீ படி. பிறகு பிள்ளையிடம் கொடு. எந்தப் புத்தகத்தைத் திரும்பக் கேட்கிறது என்று நோட்டில் எழுது.

திரும்பி வந்ததும் பீரோவைத் திறக்கச் சொன்னேன். கதைப் புத்தகங்கள் அதில்தான் பூட்டிக் கிடந்தன. இன்ஸ்பெக்‌ஷன் அன்று எடுத்துத் துடைத்துக் காட்டிவிட்டு மறுபடி பூட்டுவது எங்கள் பள்ளி வழக்கம். சாவி ஹெட்மாஸ்டர் அரைஞாணில்.

"வாணாம் நைனா. கெட்டுப்போனா யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன் சார்."

"எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தேன். நாற்பதையும் நான் முதலில் படித்து முடித்தேன். பத்து நாள் ஆயிற்று.

3

பிள்ளைகள் விடியலில் எறா, அதாவது இறால், உரித்துவிட்டுப் பள்ளிக்கு வருவார்கள். கை கழுவச் சொன்னேன். கழுவினார்கள். வாடை போகவில்லை.

மதியத்துக்கு மேல் அரை மணி கதை. நான் ஒன்று படித்துக் காட்டுவேன். பிறகு அவரவர் இஷ்டப்பட்டதை எடுத்துக்கொள்ளலாம். முனியம்மாவுக்கு எழுத்துக் கூட்டவே வராது. கரடி சட்டை தைத்துக்கொள்ளப் போன கதையை மூன்று தடவை என்னைப் படிக்க வைத்தாள். நாலாவது தடவை புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நீ ஸ்பீடா போற சார். நா படிக்கறேன். நீ கேட்டுக்கினு இரு."

தப்பும் தவறுமாகப் படித்தாள். கரடிக்கு இடுப்பளவு எடுக்க டெய்லரின் டேப் பத்தாத இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அவள் நிறுத்தி, சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்து, மேலே படித்தாள்.

நோட்டு மட்டும் நான் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் ஏதாவது ஒரு பிள்ளை புத்தகத்தோடு வந்து மேலே சாயும். அது என் தப்பு.

4

"புஸ்தகம் நாறுது. நோட்டும் இல்ல. பத்து நாளு இன்னாதான் கத்துக்கினு வந்தே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

ஹெட்மாஸ்டர் நான் எழுதிக் கொடுத்த தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். 

முனியம்மா எழுந்தாள்.

"எல்லாம் நாறாது சார். அந்தப் பச்ச அட்ட நாறாது. அத்த எவளும் தொட மாட்டா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"மோந்து பாருங்க ஐயா. அதான் நோட்டு" என்றேன்.

இன்ஸ்பெக்டர் பச்சை அட்டையை மோந்தார். வாடை இல்லை. இன்னொன்றை மோந்தார். இருந்தது. ஐந்துக்கு மேல் முடியவில்லை. மீதியைப் பியூனிடம் தள்ளினார். பியூனுக்கு நல்ல மூக்கு. நாறுவது ஒரு பக்கம், நாறாதது ஒரு பக்கம் அடுக்கினான். கரடிப் புத்தகத்தைக் கையில் எடுத்ததுமே, "இது ஃபஸ்ட் கிளாஸ் ஐயா" என்றான். இன்ஸ்பெக்டரே சிரித்துவிட்டார். அதை முனியம்மாவைப் படிக்கச் சொன்னார். திக்காமல் படித்தாள்.

நாறியது பதினேழு. நாறாதது இருபத்து மூன்று.

"இந்த இருபத்து மூணுல இன்னாய்யா கொறை?"

"கடைசிப் பக்கத்துல 'ஆகவே குழந்தைகளே'ன்னு புத்தி சொல்லும் ஐயா."

ஒவ்வொன்றாகப் புரட்டினார். பத்தொன்பதில் இருந்தது. நாறிய அடுக்கிலும் ஒரே ஒரு புத்தகத்தில் இருந்தது. அந்தக் கடைசித் தாளில் மட்டும் வாடை இல்லை.

விசிட் புத்தகத்தில் என்னவோ எழுதிவிட்டுப் போனார். ஹெட்மாஸ்டர் படித்தார். இரண்டு தடவை படித்தார். அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்து என் கையில் வைத்தார்.

"நிரந்தரம் நைனா. இந்த நாத்தத்த இனிமே நீயே கட்டிக்கினு அழு."

5

புதிதாக வரும் வாத்தியார்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். வாங்கும்முன் கடைசிப் பக்கம் வரை படியுங்கள். வாங்கியபின் பூட்டாதீர்கள்.

மறு வருடம் புத்தகப் பட்டியலை என்னையே எழுதச் சொன்னார்கள். முப்பது எழுதினேன். முப்பதும் வந்தன. ஆறு மாதம் கழித்து, பிள்ளைகள் போனபின் ஒவ்வொன்றாக மோந்து பார்த்தேன்.

நாறியது இருபத்தாறு.